மை காயும் மாதம்: நாரா முதல் ஹோஃபு வரை

நவம்பர் 6, நாரா

காலையில் 9 டிகிரி, சன்னமான தூறல். ஜப்பானின் பழைய தலைநகர் இது. நாரா தேசிய அருங்காட்சியகத்தின் வாசலில் குடை வரிசை நீண்டு கிடக்கிறது, பேச்சுச் சத்தமே இல்லை. ஷோசோயின் என்ற எட்டாம் நூற்றாண்டு அரச கருவூலத்தின் கண்காட்சி ஆண்டில் இரண்டு வாரம், மிஞ்சினால் இன்னும் ஓரிரு நாள்தான். அக்டோபர் கடைசியில் திறந்து நவம்பர் பாதிக்குள் மூடிவிடுவார்கள். நேரம் குறித்த சீட்டு 2,000 யென். உள்ளே குறிப்பெடுக்க மைப்பேனாவைத் திறந்தால் காவலர் ஓசைப்படாமல் பக்கத்தில் வந்து நிற்பார். கையில் ஒரு பென்சில் இருக்கும். அதை நீட்டிவிட்டு, தொந்தரவு செய்தது தானே என்பதுபோல் குனிந்து வணங்கிப் போவார். ஜப்பானில் பெரும்பாலான அருங்காட்சியகங்களில் இதே விதிதான், பென்சிலோடு போங்கள்.

756-ல் பேரரசர் ஷோமு இறந்த 49-ஆம் நாள், அவர் புழங்கிய பொருள்களை அரசி கோம்யோ தோதாய்ஜி கோயிலின் பெரும்புத்தருக்குக் காணிக்கையாகக் கொடுத்தார். அந்தக் கருவூலத்தில் இன்று இருப்பவை சுமார் 9,000. ஆண்டுக்கு அறுபது சொச்சம் வெளியே வரும். ஒருமுறை வந்தது மறுபடி வர பத்தாண்டு ஆகலாம். ஆகவே போகுமுன் அந்த ஆண்டின் பட்டியலைப் பார்த்துவிட வேண்டும். எழுத்திலும் ஓவியத்திலும் ஆர்வமுள்ளவர்கள் அதில் தேட வேண்டியவை மூன்று.

முதலாவது, மரத்தடியில் மங்கையர் நிற்கும் ஆறு பலகைத் திரை. கொழுத்த கன்னம், நெற்றியில் பச்சைப் பொட்டு, தழைந்த உடை எல்லாம் தாங் காலச் சீன அரசவை மோஸ்தர். சீனாவிலிருந்து வந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். ஆனால் உடையின்மேல் ஒருகாலத்தில் பறவை இறகு ஒட்டியிருந்தார்கள். ஏறக்குறைய எல்லாம் உதிர்ந்து கோடு மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஒட்டிக்கொண்டிருந்த துணுக்குகளைச் சோதித்தபோது அது ஜப்பானில் மட்டுமே வாழும் யமதோரி என்ற காட்டுக்கோழி இனத்தின் இறகு என்று தெரிந்தது. பின்பக்கத்தில் ஒட்டிய பழைய தாளில் 752 என்ற ஆண்டுக் குறிப்பும் கிடைத்தது. நாராவிலேயே செய்தது என்பது அப்படித்தான் முடிவானது.

இரண்டாவது, அரசி கோம்யோ 744-ல் தன் கையால் எழுதிய ‘கக்கிரோன்’ என்ற சீனக் கட்டுரை. நான்காம் நூற்றாண்டுச் சீன எழுத்துக்கலை மேதை வாங் ஷிஜி எழுதிய பிரதியைப் பார்த்து எழுதியது. கடைசியில் கையெழுத்து ‘ஃபுஜிவாரா வீட்டு மூன்றாம் மகள்’. பிரதி எடுப்பது என்றால் அடக்க ஒடுக்கமாக இருக்கும் என்று எதிர்பார்ப்போம். இங்கே ஒவ்வொரு கோடும் தாளில் ஊன்றி இறங்கி, திரும்பும் இடத்தில் தோள் புடைத்து நிற்கிறது. அழகைவிட உறுதிதான் முன்னால் தெரிகிறது. காணிக்கைப் பட்டியலில் வாங் ஷிஜி எழுத்து 20 சுருள்கள் என்று இருக்கிறது. அவை வெளியே எடுக்கப்பட்டுத் திரும்பவில்லை. வாங் ஷிஜியின் மூல எழுத்து உலகில் எங்குமே இல்லை. தாங் அரசவையில் எடுத்த நுணுக்கமான நகல்கள்தான் உள்ளன. அவற்றில் மிகச் சிறந்தவற்றுள் ஒன்றான ‘சோரான்ஜோ’ இன்றும் ஜப்பான் அரச சேகரிப்பில் இருக்கிறது.

மூன்றாவது ஒரு தூரிகை. 752-ல் பெரும்புத்தருக்குக் கண் திறந்தபோது பிடித்தது. அரை மீட்டருக்கும் மேல் நீளம். பிடித்தவர் போதிசேனர், சீனா வழியாக 736-ல் ஜப்பான் வந்த தென்னிந்தியத் துறவி. தூரிகையோடு சுமார் 200 மீட்டர் நீல நிறப் பட்டுக் கயிறு கட்டி, கூடியிருந்தவர்கள் அதைப் பற்றிக்கொண்டார்கள், புண்ணியத்தில் எல்லாருக்கும் பங்கு. பக்கத்தில் சாதாரண எழுதுகோல் தூரிகைகளைக் காட்டினால் முனையை உற்றுப் பாருங்கள். நடுமயிரைச் சுற்றித் தாள் சுருட்டி, அதன்மேல் மறுபடி மயிர் வைத்து, நுனி மட்டும் சிட்டுக்குருவித் தலைபோல் வெளியே தெரியும்படி கட்டியிருக்கும். நுனி மட்டுமே வளையும், அடி விறைப்பாக நிற்கும். பௌத்த சூத்திரம் பிரதி எடுப்பவருக்கு நாள் முழுக்க ஒரே தடிப்பில் எழுத்து வர இது தோது. சீனாவில் பின்னாளில் தாள் வைப்பதை விட்டுவிட்டார்கள். ஜப்பானில் எடோ காலம் (1603–1868) வரை ஓடியது.

வெளியே வந்தால் மான்கள். பிஸ்கட் கட்டு 200 யென். அது இல்லாவிட்டாலும் காகிதம் போதும். கண்காட்சி விளக்கத்தாளைக் கையில் விரித்தபடி நடந்த ஒரு முதியவரிடமிருந்து பாதியைக் கிழித்து மென்றுவிட்டது ஒன்று. அவர் மானைப் பார்த்துத் தலைகுனிந்து ஏதோ சொன்னார். மதியத்துக்குப் பெர்சிம்மன் இலையில் சுற்றி அழுத்திய கானாங்கெளுத்தி சுஷி. இலையைத் தின்னக் கூடாது. புளிப்பு குறைவு, உப்பு தூக்கல், தூறலுக்குச் சூடான தேநீரோடு சரியாக இருக்கிறது.

நவம்பர் 7, நாரா

வானம் வெளுத்துவிட்டது. கல்லில் தண்ணீர் விட்டு உரைத்து எழுதும் மைக்கட்டி செய்கிறவர்களுக்கு இது பருவத்தின் தொடக்கம். அக்டோபர் பாதியிலிருந்து ஏப்ரல் வரைதான் வேலை. காரணம் வஜ்ஜிரம்: நம் தச்சர்கள் பலகை ஒட்டக் காய்ச்சும் அதே விலங்குத் தோல் பசை. வெயில் காலத்தில் அது அழுகி நாறும், மைக்கட்டி காய்வதற்குள் கெட்டுவிடும்.

கொகுர்யோவிலிருந்து, அதாவது கொரியத் தீபகற்பத்தின் வடக்கிலிருந்து, 610-ல் வந்த தோன்சோ என்ற துறவி தாளும் மையும் செய்யத் தெரிந்தவர் என்று பழைய வரலாறு சொல்கிறது. முதலில் பைன் மரப் புகைதான். பிறகு கோஃபுகுஜி கோயிலில் விளக்குப் புகையைச் சேர்த்து எண்ணெய்ப்புகை மை செய்தார்கள், நாரா மைக்குப் பேர் வந்தது அதனால்தான். 1577-ல் தொடங்கிய கொபாயென் என்ற மைப் பட்டறை இன்னும் நடக்கிறது. ஜப்பானில் விற்கும் மைக்கட்டியில் பத்தில் ஒன்பது இந்த ஒரே ஊருடையது.

பட்டறைக்குள் முதல் அறை இருட்டு. மண் அகல்களில் எண்ணெய், கோரைத் தண்டின் உட்சோற்றைத் திரித்த திரி, அகலுக்கு மேல் மண் மூடி. புகை மூடியில் படியும். ஒரே இடத்தில் படிந்தால் சூட்டில் கருகிப் பரல் பருத்துவிடும், அதனால் மூடியைச் சற்று நேரத்துக்கொருமுறை கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே இருக்கிறார்கள். திரி மெலிந்தால் சுடர் சிறுக்கும், புகைக்கரி நைசாக வரும், விலையும் ஏறும். திரி தடித்தால் பள்ளிப் பிள்ளைகளுக்கான மை.

வஜ்ஜிரத்தை நேரடி நெருப்பில் வைக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 70 டிகிரி சுமாரில் மணிக்கணக்காகக் கரைக்கிறார்கள். கொதிக்கவிட்டால் ஒட்டும் சக்தி போய்விடும். எடைக் கணக்கு 10 பங்கு கரிக்கு 6 பங்கு பசை. சீன மையில் பசை இதைப்போல் இரண்டு மடங்கு, 10-க்கு 12 வரை போகும் என்பது இங்குள்ளவர்கள் சொல்லும் கணக்கு. சீனாவில் தண்ணீர் கடினம், பசை கூடுதலாக இருந்தால்தான் கரி பிரிந்து படியாமல் நிற்கும். ஜப்பானில் மென்னீர், பாதிப் பசையிலேயே காரியம் முடிகிறது. விளைவு தாளில் தெரியும். ஜப்பான் மை உரைத்தவுடனே கறுப்பு ஏறும். சீன மை மெதுவாக ஏறும், ஆனால் ஆண்டுகள் போகப் போகப் பசை தளர்ந்து, நீர்த்துத் தீட்டும்போது கோடும் அதைச் சுற்றிய கசிவும் தனித்தனியாகத் தெரியும். ஓவியர்கள் பழைய சீனக் கட்டிக்கு அலைவது இதற்காக.

பிசைவதற்குக் கை மட்டும் போதாது, காலாலும் மிதிக்கிறார்கள். பசை நாற்றத்தை மறைக்கக் கடைசியில் பச்சைக் கற்பூரம் சேர்க்கிறார்கள். மைப்புட்டியைத் திறந்ததும் வரும் வாசனை கரியுடையது அல்ல, இதுதான். 15 கிராம் கட்டி ஒன்றுக்குப் பச்சை மை 25 கிராம் நிறுத்து, உருட்டி, மர அச்சில் அழுத்துகிறார்கள். அச்சுக்குப் பேரி மரம், உறுதி அதிகம், எழுத்துகள் மழுங்குவதில்லை.

வந்தவர்களுக்கு ஒரு வேடிக்கை உண்டு. வெதுவெதுப்பான மை உருண்டையை உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பிடிக்கச் சொல்கிறார்கள். விரல் பதிந்து பிடிகொழுக்கட்டையாக வெளியே வரும். விலை சில ஆயிரம் யென். பவுலோனியா மரப் பெட்டியில் வைத்துக் கொடுத்து, இரண்டு மூன்று மாதம் திறக்காதீர்கள், ஏசிக் காற்றுப் படாமல் வையுங்கள் என்று எழுத்திலும் கொடுக்கிறார்கள். சென்னை மே மாதத்துக்கு இந்த அறிவுரை போதாது என்றுதான் படுகிறது. மைக்கு வெயிலைவிட ஈரக்காற்று பகை. பூஞ்சை பிடிக்கும்.

அச்சிலிருந்து எடுத்ததைச் சாம்பலில் புதைக்கிறார்கள். முதல் நாள் ஈரச் சாம்பல், மறுநாள் சற்றுக் காய்ந்தது, அப்படியே படிப்படியாக. சின்னக் கட்டிக்கு ஒரு வாரம், பெரியதற்கு ஒரு மாதத்துக்கு மேல். அவசரப்பட்டால் மேல்தோல் முதலில் இறுகி, உள்ளே சுருங்கும்போது வெடிக்கும். பிறகு வைக்கோலில் பின்னி உத்திரத்திலிருந்து தொங்கவிடுகிறார்கள். மேலே வரிசை வரிசையாகக் கறுப்புக் கட்டிகள். காற்று ஓட்டத்துக்காகச் சன்னலைத் திறந்து மூடுவதற்கே ஓர் ஆள். கடைசியில் கழுவி, சிப்பி ஓட்டால் தேய்த்து மெருகு ஏற்றுகிறார்கள்.

இரவுச் சாப்பாடு தேநீர்க் கஞ்சி. வறுத்த தேயிலைத் தண்ணீரில் அரிசியைக் குழையவிடாமல் வேகவைத்தது, தொட்டுக்கொள்ள நாராஸுகே ஊறுகாய். அந்த ஊறுகாய் சாக்கே என்ற அரிசி மது வடித்த சக்கையில் ஊறியது, நன்றாக வாடை அடிக்கும்.

நவம்பர் 8, கியோத்தோ

ம்யோஷின்ஜி மட வளாகத்துக்குள் இருக்கும் தாய்ஸோயின் கோயில். நுழைவு 600 யென். இங்கே பார்க்க வேண்டியது ஓவியத் துறவி ஜொசெட்சுவின் ‘சுரைக்குடுவையால் கெளுத்தி பிடிப்பது’. மாட்டியிருப்பது நகல், மூலம் கியோத்தோ தேசிய அருங்காட்சியகத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. வழுவழுப்பான மீனை வழுவழுப்பான குடுவையால் எப்படிப் பிடிப்பது? ஷோகுன், அதாவது நாட்டை ஆண்ட படைத்தலைவர், யொஷிமொச்சி கேட்ட கேள்வி. சுமார் 1415-ல் படம் வரையச் சொன்னார், 31 துறவிகள் ஆளுக்கொரு கவிதை பதில் எழுதினார்கள். முதலில் இது சிறு நிறுத்துத்திரை, ஒரு பக்கம் படம், மறுபக்கம் கவிதை. பிறகுதான் சேர்த்து ஒரே தொங்கு சுருளாக்கினார்கள்.

முன்னுரையில் படத்தைப் ‘புதிய பாணி’ என்று குறித்திருக்கிறார்கள். என்ன புதுமை என்று நின்று பார்த்தால் தெரியும். ஓடையும் மூங்கிலும் ஆளும் ஒரு பக்கம் ஒதுங்கி, தூர மலை வெறும் நிழலாய், மற்ற இடமெல்லாம் மூடுபனி. சீனாவின் தென் சொங் அரசவை ஓவியர்கள் மா யுவானும் ஷியா குயியும் செய்தது இதுதான்: காட்சியை மூலைக்குத் தள்ளி, மிச்சத்தைக் காலியாக விடுவது. அவர்களுக்கும் ஜொசெட்சுவுக்கும் இடையே இருநூறு ஆண்டு. சீனாவில் பழசாகிப்போனது இங்கே புதிதாக வந்து இறங்கியது.

இதைவிட விசித்திரம் மூச்சீயின் கதை. பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சீனத் துறவி. அவருடைய மை ஓவியம் முரடு, பழைய முறைக்கு ஒத்துவராது என்று அவர் நாட்டு விமர்சகர்களே ஒதுக்கிவிட்டார்கள். படங்கள் துறவிகளோடு கப்பலேறி ஜப்பான் வந்தன, இன்று மிஞ்சியவற்றில் பெரும்பாலானவை இங்கேதான். கியோத்தோ தைதோகுஜி கோயிலின் குவான்யின் (கருணையின் போதிசத்துவர்), நாரை, குரங்கு மூன்றும் சேர்ந்த தொகுதி தேசியச் செல்வம். வழக்கமாக அக்டோபர் இரண்டாம் ஞாயிறு, சுருள்களைக் காற்றாட விடும் ஒரு நாளில் மட்டும் வெளியே வரும். மழை என்றால் அதுவும் இல்லை. ஜப்பான் ஓவியர் தோஹாக்கு (1539–1610) அந்தக் குரங்கின் ரோமத்தையும் மூடுபனியையும் படித்துத்தான் தன் பைன் மரத் திரைக்கு வந்தார். அந்தத் திரை தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெரும்பாலும் புத்தாண்டை ஒட்டி விரிப்பார்கள்.

மூச்சீயின் ‘ஷியாவ்-ஷியாங் எட்டுக் காட்சி’ நீள்சுருளாக வந்தது. ஷோகுன் யொஷிமித்சுவிடம் சேர்ந்தபின் தனித்தனிக் காட்சிகளாக வெட்டுண்டது. மேசையில் விரித்து இரண்டு கையால் சுருட்டிச் சுருட்டிப் பார்ப்பது சீன வழக்கம். இங்கே விருந்தினர் முன் சுவரில் மாட்ட வேண்டும். துண்டுகளில் ஒன்று இங்கே கியோத்தோ அருங்காட்சியகத்தில், ஒன்று தோக்கியோ நெஸு அருங்காட்சியகத்தில், இன்னும் சில வேறு இடங்களில். ரசனையில் குறையே சொல்ல முடியாத மனிதர்கள் கத்திரிக்கோலையும் கூசாமல் எடுத்திருக்கிறார்கள்.

மாலையில் தெராமச்சி தெரு, எழுதுபொருள் கடைகள். புதுத் தூரிகையின் நுனி பாசிப்பசையில் விறைத்திருக்கும், அதைக் கடையில் அழுத்திப் பார்க்கக் கூடாது. கேட்டால் சோதிக்கவென்றே வைத்த தூரிகையையும் தண்ணீரையும் கொண்டுவருகிறார்கள். வீட்டில் தடித் தூரிகையை அடிவரை தளர்த்தலாம், மெல்லியதை நுனியில் மூன்றில் ஒரு பங்குதான். கூட வரும் பிளாஸ்டிக் மூடியை எறிந்துவிடுங்கள். கழுவிய ஈரத்தோடு மூடினால் அடியில் அழுகி மயிர் கொட்டும். தாள் விஷயத்தில் கடைக்காரர் முதலில் கேட்பது எழுதவா, வரையவா என்பது. நீலச்சந்தன மரப்பட்டையும் வைக்கோலும் கலந்த சீனத்து ஷுவான் தாள் மையைச் சட்டென்று உறிஞ்சிப் பரப்பும். கோஸோ என்ற காகித மல்பெரிப் பட்டையின் நீண்ட நார் கொண்ட ஜப்பான் தாளில் மை கொஞ்சம் நின்று இறங்கும். ஒன்றில் பழகிய கை மற்றதில் தடுமாறும். ஒரு சிறு கட்டுத் தாளைச் சுற்றிக் கொடுக்க ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டார். பின்னால் நின்ற யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

நவம்பர் 9, உஜி

ஓபாகு நிலையத்திலிருந்து மன்புகுஜி ஐந்து நிமிட நடை. நல்ல வெயில், 17 டிகிரி. 1654-ல் சீனாவின் ஃபூஜியானிலிருந்து நாகசாகி வந்த இங்கென் என்ற துறவி 1661-ல் கட்டத் தொடங்கிய மடம். முதல் 13 தலைவர்களும் சீனர்கள். கைப்பிடிச் சுவரில் உடைந்த சுவஸ்திகைக் கோலம், கதவில் பீச் பழம், பாதை நடுவே சாய்சதுரக் கல் வரிசை, முன் மண்டபத்தில் தொந்தியும் சிரிப்புமாகப் பொன்பூசிய மைத்ரேயர். சூத்திரமும் சீன உச்சரிப்பில்தான் ஓதுகிறார்கள். சாப்பாட்டு வேளைக்கு ஆள் உயரத்தைவிடப் பெரிய மர மீனைத் தட்டுவார்கள்.

அண்ணாந்து பார்க்க வேண்டியவை வாசல்களின் மேல் மாட்டிய எழுத்துப் பலகைகள். இங்கென், மொகுவான், சொகுஹி என்ற துறவிகள் மூவரையும் ஓபாகு ஜென் பிரிவின் மூன்று தூரிகைகள் என்பார்கள். மிங் கடைசிக்காலப் பெரிய எழுத்து: தடித்த கோடு, மை தோய நிறைந்து, ஓட்டத்தில் நிற்காமல் உருண்டு போகிறது. அலுவலகங்களில் அப்போது ஓடிக்கொண்டிருந்த மெல்லிய, வளைந்த உள்நாட்டுக் கையெழுத்துக்குப் பக்கத்தில் இது இடி முழக்கம். படித்தவர்கள் விழுந்தடித்துப் பின்பற்றினார்கள். தாத்தா சேர்த்த சொத்தை ஆண்டு தீர்த்த மூன்றாம் தலைமுறை, ‘வீடு விற்பனைக்கு’ என்று சீனப் பாணியில் எழுதி மாட்டுகிறது என்று ஒரு கிண்டல் பாட்டே உண்டு. தொழில் கற்காமல் எழுத்து மட்டும் கற்ற பிள்ளை.

பக்கத்தில் ஹோஸோயின் என்ற கோயிலில் பௌத்தத் திரிபிடகத்தின் அச்சுப் பலகைகள், செர்ரி மரம், சுமார் 60,000. ஒரு பக்கத்துக்கு 20 வரி, வரிக்கு 20 எழுத்து. ஜப்பான் எழுத்தாளர்கள் இன்றும் பயன்படுத்தும் 400 கட்டத் தாள் இதைப் பார்த்துத்தான் வந்தது என்கிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டு ஓவியர் இகே நோ தாய்கா இந்த மடத்துக்கு விரலால் ஐந்நூறு அருகர்களை (புத்தரின் சீடர்களை) வரைந்து கொடுத்தவர். அவரும் அவர் காலத்து ஓவியர் பூஸொனும் சீனாவுக்குப் போனதில்லை. வெளிநாடு போகத் தடை இருந்த காலம். ‘கடுகுத் தோட்டம்’ என்ற சீன ஓவியப் பாடப்புத்தகத்தின் மரக்கட்டை அச்சுகளைப் பார்த்தும் நாகசாகியில் இறங்கிய படங்களைப் பார்த்தும் கற்றார்கள். அச்சில் மையின் அடர்த்தி தெரியாது, கோடு மட்டும் தெரியும். தாய்காவின் மலைகள் புள்ளியும் கோடுமாகக் குதிப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கும்.

சாப்பாடு ஃபுச்சா, சீன வழிச் சைவம். முன்பதிவு வேண்டும், முழுப் பந்திக்கு 5,000 யென்னுக்கு மேல், பெட்டிச் சாப்பாடு மலிவு. ஜப்பானில் ஆளுக்கொரு தட்டு, ஆளுக்கொரு கிண்ணம் என்பதுதான் முறை. இங்கே நால்வர் ஒரு மேசை, நடுவில் பெரிய தட்டு, எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். எள்ளுத் தயிர்போல் ஒன்று, காய்கறித் துண்டுகளைக் குட்ஸு கொடிக்கிழங்கு மாவில் குழம்பாக்கியது, தோஃபுவும் கிழங்கும் கடற்பாசியில் ஒட்டிச் செய்த ‘விலாங்கு மீன்’. எதிரே அமர்ந்த பெண்மணி கடைசித் துண்டை எடுக்கவே இல்லை, வேறு யாரும் எடுக்கவில்லை, அது தட்டிலேயே போயிற்று.

நவம்பர் 11, ஹோஃபு

மேற்கே யமகுச்சி மாநிலம். கடல் காற்று, கியோத்தோவைவிட வெதுவெதுப்பு. இலையுதிர்காலக் கண்காட்சிக்கு மோரி அருங்காட்சியகம் பதினைந்தாம் நூற்றாண்டு ஓவியத் துறவி செஷ்ஷூவின் நிலக்காட்சி நீள்சுருளை விரித்துவைக்கிறது. உயரம் 40 சென்டிமீட்டர், நீளம் ஏறக்குறைய 16 மீட்டர். முடிவில் கையெழுத்து: 1486, வயது 67, சீனாவின் தியாந்தோங் மடத்தில் முன்பு முதல் இருக்கை பெற்றவன்.

வலமிருந்து இடமாக நகர வேண்டும். பழக்கத்தில் இடப்பக்கம் தொடங்கினால் பனிக்காலத்திலிருந்து வசந்தத்துக்குப் பின்னோக்கி நடப்பீர்கள், எதிரே வரும் கூட்டமும் முட்டும். பாறைகளைக் கிட்டத்தில் பாருங்கள். கோடரியால் செதுக்கியதுபோல் தூரிகையைச் சாய்த்து இழுக்கும் வெட்டு ஷியா குயியுடையது. ஆனால் ஷியா குயியிடம் அந்த வெட்டு ஈரத்தில் கரைந்து மூடுபனியாகும். செஷ்ஷூவிடம் தடித்த வெளிக்கோடு ஒவ்வொரு பாறையையும் கட்டிப் பிடித்திருக்கிறது. தூரம் குறைந்து, எல்லாம் முன்னால் வந்து நிற்கிறது. சிலருக்கு இது முரடாகப் படும். எனக்கு இந்தச் சுருளின் உயிரே அதுதான்.

செஷ்ஷூ 1467-ல் கப்பலேறி, நிங்போ வழியாகப் பெய்ஜிங் போய், 1469-ல் திரும்பினார். அங்கே இருந்தது மிங் காலம். அவர் தேடிய சொங் ஆசான்கள் மறைந்து இருநூறு ஆண்டு ஆகியிருந்தது. 1495-ல் மை தெறித்து வரைந்த ஒரு நிலக்காட்சியின்மேல் அவரே எழுதிவைத்திருக்கிறார்: பெரிய ஓவியர்களைத் தேடிச் சீனா போனேன், நல்லவர்கள் அதிகம் இல்லை, லி ஸாய் முதலானவர்களிடம் வண்ணமும் மையும் கற்றேன், திரும்பி வந்தபின்தான் ஜொசெட்சுவும் என் ஆசான் ஷூபுனும் எவ்வளவு பெரியவர்கள் என்று புரிந்தது. இதில் தன்னடக்கம் எவ்வளவு, தற்பெருமை எவ்வளவு என்பது படிப்பவர் பாடு.

மதியம் கவாரா சோபா: சூடேற்றிய கூரை ஓட்டின்மேல் பச்சைத் தேயிலை நூடுல்ஸ், மாட்டிறைச்சி, முட்டைச் சீவல். 1,300 யென் சுமார். அடியில் முறுகியதைச் சுரண்டித் தின்பதுதான் ருசி, ஓட்டில் கை படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த மாநிலத்தில் வாங்கத் தகுந்தது அகாமா மைக்கல், அதாவது மைக்கட்டி உரைக்கும் கல், செம்மண் ஊதா நிறம். சீனத்து துவான் கல்லுக்கு முன் நிற்குமா என்று கேட்டால் நிற்காது, விலையும் அப்படி இல்லை. வாங்கும்போது பெருவிரலை நனைத்துத் தேய்த்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய பற்கள் விரலைச் சற்றே பிடிக்க வேண்டும். வழுக்கிப் போனால் மை உரையாது, சொரசொரத்தால் கட்டி பரலாகத் தேயும். உரைக்கும்போது மேட்டில் சில சொட்டுத் தண்ணீர் மட்டும், அழுத்தாமல் வட்டமாக. முடிந்ததும் கட்டியின் ஈரத்தைத் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நுனி வெடிக்கும். கல்லை அன்றே வெறும் தண்ணீரில் கழுவ வேண்டும். பசை காய்ந்து பற்களை அடைத்தால் பிறகு சாணைக்கல்லால் தேய்த்துத்தான் உயிர் கொடுக்க முடியும். கடைக்காரர் அந்தச் சாணைக்கல்லையும் கூடவே எடுத்து வைத்தார், சின்னது, வேண்டாமென்றால் கோபித்துக்கொள்ளவும் இல்லை.